பார்வைக் கண்ணாடியின் முன் யார் நிற்பது?

ஆபத்தான இடத்துக்கு ஒருவர் “நான் போகிறேன்” என்று தாமாகவே முன்வந்தால், சரி என்று தலையசைத்தவருக்கு அதன் விளைவில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியுமா? பிளாஸ்மா முறையில் உலோக நுண்துகள் தயாரிக்கும் தொழிலில் என் பணிக்காலம் முழுவதையும் புனேயில் கழித்தேன். நான் படித்த எந்தப் பாடநூலும் இந்தக் கேள்வியை எழுப்பவில்லை. புனேயை ஒட்டிய ஆகுர்டியில் எங்கள் தகரக் கூரைக் கூடத்தில், ஆனி மாதத்து மழை நாளொன்றில், அது என் முன்னால் வந்து நின்றது. யோசிக்க அவகாசமும் அதிகம் இருக்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த சிலருக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பது எனக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். அவசரமாகச் செய்யக் கூடாத வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

செயல்முறை உங்களுக்குத் தெரிந்ததே. உங்கள் வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர் சுற்றிக் குளிர்விக்கும் எஃகுக் கலனில் ஆர்கான் வாயுவை நிரப்பி, மின்வில்லால் பிளாஸ்மாவை எழுப்புகிறோம். அந்த வெப்பத்தில் அலுமினியம் கொதித்து ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு, கரி போன்ற கறுப்புப் பொடியாகப் படிகிறது. அலுமினியத்தைப் பாத்திரமாகவும் சோறு பொதியும் தாளாகவும் மட்டுமே அறிந்தவர்கள், அந்தப் பொடி திறந்த காற்றில் தானாகவே தீப்பற்றும் என்றால் நம்புவதில்லை. துகள் அவ்வளவு நுண்ணியது. அதன் பெரும்பகுதி வெறும் மேற்பரப்புதான். ஆகவே கலனைத் திறப்பதற்கு முன் ஆர்கானோடு சிறிது சிறிதாகக் காற்றைக் கலந்து உள்ளே விடுகிறோம். ஒவ்வொரு துகளின்மீதும் மெல்லிய ஆக்சைடு தோல் படர்ந்ததும் பொடி அடங்கிவிடும். இதற்கு எங்கள் கூடத்தில் வழங்கிய பெயர் “மூச்சுப் பழக்குவது”. அந்தப் பெயரை வைத்தவர் முருகேஷ்.

முருகேஷின் தந்தை வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தாபோடியில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியின் பட்டறையில் வேலை பார்த்தவர். முருகேஷ் பிறந்ததும் வளர்ந்ததும் தாபோடியில்தான். அவர் பேசும் தமிழில் மராத்தியும் இந்தியும் இருக்கை கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்களிடம் ஒப்பந்தத் தொழில்நுட்பராக இருந்தார். ஒரு தொகுதிப் பொடிக்கும் அடுத்த தொகுதிக்கும் நடுவே கூடம் சும்மா இருக்கும் நாட்களில் ஒப்பந்ததாரர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, “நாளைக்கு வர வேண்டாம்” என்பார். காரணம் சொல்ல மாட்டார். எப்போது வரலாம் என்றும் சொல்ல மாட்டார். கைபேசி ஒலித்தால் எடுப்பதற்கு முன் அதன் திரையை ஒரு கணம் உற்றுப் பார்ப்பது முருகேஷின் வழக்கமாகியிருந்தது. அதற்கான காரணம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

அன்று பண்டரிபுரம் செல்லும் பால்கி என்னும் பல்லக்கு ஊர்வலம் ஆகுர்டிக்கு வரும் நாள். தேஹுவிலிருந்து நடந்து வரும் யாத்திரிகர்கள் அன்றிரவு எங்கள் வட்டாரத்தில்தான் தங்குவார்கள். சாலைகள் முழுவதும் அவர்களுடையதாகிவிடும். அந்த நாளில் பிளாஸ்மாவை ஓட்ட வேண்டாம் என்று முந்தைய நாளே தொகுதியை முடித்திருந்தோம். கலனுக்குள் பொடி மூச்சுப் பழகிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்துக்கொள்ள நானும் முருகேஷும், நிரந்தர ஊழியர்கள் வேறு இருவரும் வந்திருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்த பொறியாளர் அரவிந்த், வாயுக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, நீங்க பேசறதுல பாதி எனக்குப் புரியறதேயில்லீங்க” என்று அரவிந்த் முருகேஷைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

“பேச்சு புரியாட்டி க்யா? வேலை புரியுதில்ல? அது போதும். உன் தமிழ்ல இங்க ஒரு வடா பாவ்கூட வாங்க முடியாது, தெரியும்ல?”

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அரவிந்தின் குரல் மாறியது.

“மேடம், ஆக்சிஜன் ஏறுதுங்க. நான் வால்வைத் தொடவே இல்லீங்க.”

பழக்குவதற்காக விடும் காற்றை உடனே நிறுத்தச் சொன்னேன். அளவு ஏறிக்கொண்டேயிருந்தது. எனவே வேறெங்கோ கசிவு இருந்தது. ஆர்கானைக் கூட்டிக் கலனின் அழுத்தத்தை வெளிக்காற்றைவிடச் சற்று மேலே கொண்டுவந்தோம். அப்படிச் செய்தால் காற்று உள்ளே நுழையாது. ஆர்கான் வெளியே கசியும். முருகேஷ் பக்கவாட்டில் நின்று, நீண்ட தூரிகையால் இணைப்புகள்மீது சோப்பு நீரைத் தடவிக்கொண்டே வந்தார். கலனின் உள்ளே பார்ப்பதற்காகச் சுவரில் பதித்த பார்வைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் நுரை குமிழிட்டது. முறைப்படி, உரிய காலத்தில் மாற்றப்பட்ட வளையம்தான் அது. மின்வில்லின் வெப்பத்தில் எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே கருகிவிட்டது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஆர்கான் வெளியேறிக்கொண்டிருந்தது. இணைப்பில் இருந்த ஆர்கான் உருளை பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. மாற்று உருளை ஒன்றுதான் இருந்தது. புது உருளைகளோடு காலையில் வந்திருக்க வேண்டிய வண்டி இன்னும் வரவில்லை.

“வண்டி எங்க நிக்குது?” என்று கேட்டேன்.

“நிக்டி சௌக்ல மேடம்” என்றார் முருகேஷ். “பால்கி தாண்டற வரைக்கும் போலீஸ் விட மாட்டாங்களாம். டிரைவர் இறங்கிப் போய் அவங்களோட பஜனையில சேந்துட்டான். ஃபோன்ல தாளச் சத்தம்தான் கேக்குது.”

தீயணைப்பு வண்டியும் அதே சாலை வழியாகத்தான் வந்தாக வேண்டும். வந்தாலும் அது கொண்டுவருவது தண்ணீர். சூடேறிய அலுமினியப் பொடியில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். அவசர வெளியேற்றக் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியே விடலாம். அதன் வாய் பின்சுவருக்கு மேலே, பின்புறச் சந்தின் பக்கம் பார்த்தபடி இருந்தது. அந்தச் சந்தில் அப்போது மழைக்கு ஒதுங்கிய யாத்திரிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வழியை அப்போதே மனத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

கலனுக்குள் இருந்த வெப்பமானி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கசிவு தெரிவதற்கு முன்பே நுழைந்துவிட்ட காற்று, பொடியின் ஓரிடத்தில் வேலையைத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் முருகேஷ் சொன்னார்: “கிளாம்ப் பிளேட் ஒண்ணு இருக்கு மேடம். பின்னால ரப்பர் ஷீட் வெச்சு, கண்ணாடி மேல அழுத்தி நாலு போல்ட்டையும் இறுக்கிட்டா கசிவு நின்னுடும். தோன் மினிட், ரெண்டே நிமிஷம். நான் போய்ட்டு வந்துர்றேன்.”

சொல்லும்போதே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வேலையைச் செய்ய முடியாதென்று சொல்ல மாட்டேன். நான்கு போல்ட்டையும் சமமாக இறுக்கும் கை எங்களில் முருகேஷுக்குத்தான் இருந்தது. ஒரு பக்கம் சற்று அதிகமாக இறுகினாலும் குவார்ட்ஸ் கண்ணாடி விரிசல்விடும். விரிசல்விட்டால் காற்று பாயும். சூடேறியிருக்கும் பொடி அந்தக் கணத்தில் என்ன செய்யும் என்பதை உங்களில் யாரும் கண்ணால் பார்க்க நேரக் கூடாது.

“கண்ணாடி உங்க முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும், முருகேஷ்.”

“தெரியும் மேடம். ஃபேஸ் ஷீல்டு போட்டுக்கறேன். காஹி நாஹி ஹோணார். ஒண்ணும் ஆகாது.”

நான் தலையசைக்கும் நிலையில்தான் இருந்தேன். அவருக்குத் திறமை இருந்தது; விருப்பமும் இருந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தடுத்தது ஒரு சிறிய காட்சி. நிரந்தர ஊழியர்கள் இருவரில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; மற்றவர் ஏற்கெனவே படித்துவிட்ட அழுத்தமானியை மீண்டும் படித்துக்கொண்டிருந்தார். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். ஆபத்தைச் சரியாக எடைபோட்டவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். அதே ஆபத்தை அதே அறிவோடு பார்த்த முருகேஷ் மட்டும் ஏன் கையுறை மாட்டினார்?

“ஏன் நீங்களே போகணும்?” என்று கேட்டேன்.

“வேற யார் போவாங்க மேடம்?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “சாஹேப் சொல்லியிருக்கார். இந்த பேட்ச் பாஸாச்சுன்னா என்னை பெர்மனென்ட் ஆக்கறேன்னு. இது போச்சுன்னா அதுவும் போச்சு. இன்னொரு தடவை அந்த ஃபோன் வந்தா வீட்ல என்ன சொல்றதுன்னே தெரியல.”

இயக்குநர் அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கோபப்படவும் அப்போது நேரமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“உங்களை நேத்தே பெர்மனென்ட் ஆக்கிட்டாங்கன்னு வெச்சுக்குங்க. அப்பவும் அந்தக் கண்ணாடி முன்னால போய் நிப்பீங்களா?”

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கசிவின் சீறல் மட்டும் கேட்டது.

“அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்? கேஸ் போயிட்டே இருக்கு.”

எனக்கு வேண்டிய பதில் அந்த இடைவெளியிலேயே கிடைத்துவிட்டது. அதுவரை அவருடைய விருப்பம் என்று நான் எண்ணியிருந்ததன் பெரும்பகுதி, அவருக்கு வேறு வழியில்லாமை. அதை விருப்பமென்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

“கிளவுஸைக் கழட்டுங்க. எல்லாரும் வெளிய வாங்க” என்றேன்.

“மேடம், பேட்ச்...”

“பேட்ச் போகட்டும்.”

வெளியேறும் முன் குளிர்நீர் ஓட்டத்தை முழு அளவில் வைத்தோம். மாற்று உருளையையும் இணைத்து, பொடி எவ்வளவு மெதுவாகக் காற்றைச் சந்திக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சந்திக்கட்டும் என்று ஆர்கானைக் குறைந்த ஓட்டத்தில் விட்டோம். வெளியேற்றக் குழாயை யாரும் திறக்காதபடி பூட்டினோம். வெடித்தாலும் எஃகு தாங்கும். தாங்காதது கண்ணாடி ஒன்றுதான். அதன் முன்னால் யாரும் இருக்கக் கூடாது. கூடத்தின் கதவைச் சாத்தினேன். இயக்குநர் அன்று மும்பையில் இருந்தார். அழைத்து நிலையைச் சொன்னேன். “அங்கே நிற்பவர் நீங்கள். உங்கள் முடிவு” என்று இந்தியில் சொல்லி வைத்துவிட்டார்.

பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த யாத்திரிகர்களை அங்கிருந்து நகர்த்த வேண்டியிருந்தது. அவர்களைக் கலவரப்படுத்தாமல் பேசக்கூடியவர் முருகேஷ்தான். முகம் இறுகியிருந்தது. என்னைப் பார்க்காமலே போனார். சந்தில் அவர் நின்ற விதத்தை மட்டும் நான் மறக்கவில்லை. மழையில் நனைந்தபடி, கையுறை கழற்றிய இரு கைகளையும் கூப்பி, “மாவ்லி, தோடே புடே சலா, மாவ்லி” என்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னார். கொஞ்சம் முன்னே நகருங்கள், தாயே என்பது அதன் பொருள். பால்கியில் வருகிறவர்கள் ஆணோ பெண்ணோ, ஒருவரையொருவர் தாயே என்றுதான் அழைக்கிறார்கள். ஒரு முதியவர் எழ மாட்டேன் என்று அடம்பிடித்தார். முருகேஷ் அவர் சுமந்து வந்திருந்த சிறிய துளசி மாடத்தைத் தாமே தூக்கிக்கொண்டு நடந்தார். மாடம் போன பின்னால் அவரும் போனார். அரவிந்தும் காவலாளியும் சந்தின் இரு முனைகளிலும் நின்றுகொண்டார்கள்.

பிறகு நாங்கள் எதிர்ப்புறக் கொட்டகையில் காத்திருந்தோம். கதவின் மேற்புறத்தில் பதித்த கண்ணாடி வழியாகக் கூடத்தின் உட்புறம் மங்கலாகத் தெரியும். ஆர்கான் தீர்ந்த சிறிது நேரத்தில் பார்வைக் கண்ணாடி சிவந்தது. பிறகு ஆரஞ்சு நிறமாயிற்று. வெள்ளையை நோக்கிப் போகுமோ என்று நாங்கள் மூச்சடக்கியிருந்தபோது, அதே ஆரஞ்சில் நெடுநேரம் நின்று, மெல்ல மங்கி அணைந்தது. சாலையில் தாளமும் நாமமும் போய்க்கொண்டேயிருந்தன.

கண்ணாடி உடையவில்லை.

உடைந்திருந்தால் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும். சில்லுகள் சிதறிக் கிடக்கும் இடத்தைக் காட்டி, “இங்கேதான் முருகேஷ் நின்றிருப்பார்” என்று சொல்லியிருப்பேன், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். மறுநாள் கலனைத் திறந்தபோது, சுவரில் சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக உபயோகமற்ற ஆக்சைடு ஒட்டியிருந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. முருகேஷ் அதைத் துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பாத்தீங்களா மேடம். அப்படியே இருக்கு.”

“பாத்தேன்.”

“நான் இறுக்கியிருந்தா நின்னிருக்கும்.”

“நின்னிருக்கலாம்.”

“அப்புறம் ஏன் மேடம்?” துணியைக் கையில் கசக்கினார். “என் உசிரு, என் வேலை. நீங்க யாரு வேணாம்னு சொல்ல?”

பக்கத்தில் நின்ற ஊழியர் ஒருவர், “மேடம் பயந்துட்டாங்க, வேற என்ன” என்று மராத்தியில் சொன்னதும் என் காதில் விழுந்தது. அது பொய்யில்லை. நான் பயந்துதான் இருந்தேன். முருகேஷின் கேள்விக்கு அப்போது ஒரே ஒரு பதில்தான் சொன்னேன்: “உங்களுக்கு வேணாம்னு சொல்ற உரிமை இல்லாத இடத்துல, உங்களுக்காக நான் சொன்னேன்.” அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. துணியை உதறி மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே ஒப்பந்ததாரரின் அழைப்பு அவருக்கு வந்தது.

அந்த அழைப்பைப் பற்றித் தெரிந்தவுடன் இயக்குநரைப் பார்க்கச் சென்றேன். அவர் கொடுமைக்காரர் அல்லர். எங்கள் முதல் கலனில் பிளாஸ்மாவைத் தம் கையாலேயே பற்றவைத்தவர். வாக்குக் கொடுத்ததுகூட முருகேஷுக்கு நல்லது செய்யும் எண்ணத்தில்தான். நிர்வாகக் குழுவிடம் காட்ட ஒரு வெற்றி தேவை என்று நினைத்திருந்தார்.

“அவரைப் போக விட்டிருந்தால் இன்று நாம் இந்தப் பேச்சே பேச வேண்டியிருக்காது” என்றார்.

“நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களே போயிருப்பீர்களா?”

அவர் யோசித்து, உண்மையாகவே பதில் சொன்னார். “போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.”

“போயிருப்பீர்கள். வேண்டாம் என்று தோன்றியிருந்தால் திரும்பியும் வந்திருப்பீர்கள். திரும்பி வந்ததற்காக உங்களை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. முருகேஷின் வேலையை அந்தத் தொகுதியோடு கட்டிவிட்டபோது, அவர் திரும்பி வரும் வழியை நாம் அடைத்துவிட்டோம்.”

 அவர் அன்று எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் மீண்டும் போனேன். அதற்குப் பிறகும் போனேன். நிர்வாகக் குழுவின் முன், தொகுதி கெட்டது என் முடிவால், முருகேஷின் வேலையால் அல்ல என்று சொன்னேன். தொகுதி கெடுவதற்கு முன் அவர் செய்த வேலையை மட்டும் வைத்து அவரை மதிப்பிடும்படி கேட்டேன். அவர்களில் பாதிப்பேருக்கு என்மீது அதிருப்தி. அடுத்து எனக்கு வரவிருந்த பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அதற்கு இதுதான் காரணமா என்று நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் முருகேஷை நிரந்தரமாக்கினார்கள். செய்தி வந்த அன்று அவர் பேடா பெட்டியோடு கூடத்துக்கு வந்தார். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக என் மேசைக்கு வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

“மேடம், இப்ப உங்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டா?”

“எந்தக் கேள்வி?”

“பெர்மனென்ட்டா இருந்தா போவீங்களான்னு கேட்டீங்களே.” பேடாவை என் முன்னால் வைத்தார். “போக மாட்டேன். போல்ட் இறுக்கத் தெரியும். ஆனா போக மாட்டேன்.” பிறகு சிரித்தார். “இன்னொண்ணு. இறுக்கியிருந்தா நின்னிருக்கும். அதையும் நான் விட்டுத்தர மாட்டேன்.”

அந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நீங்கள் பொறுப்பில் அமரும் நாளில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காரியம் முடியக்கூடியது என்பதாலேயே அதை ஒருவரிடம் கேட்டுவிடலாகாது. துணிச்சலோடு ஒருவர் முன்வரும்போது முதலில் அவருடைய திறமையை அளக்கத் தோன்றும். அதற்கு முன், அவர் மறுத்தால் என்ன இழப்பார் என்பதைக் கேளுங்கள். மறுத்தாலும் எதையும் இழக்காத ஒருவர் “போகிறேன்” என்றால், அப்போது திறமையைப் பற்றிப் பேசலாம்.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் சில மாற்றங்கள் வந்தன. பார்வைக் கண்ணாடிக்கு இரட்டை வளையமும், அதன் முன்னால் நிரந்தரமான எஃகுக் கவசமும், கேமராவும் பொருத்தினோம். பால்கி வரும் வாரத்தில் கலனில் பொடி இருப்பதில்லை. யாருடைய பணி உறுதியும் எந்தத் தொகுதியோடும் இணைக்கப்படுவதில்லை. ஆபத்து நேரும்போது “யார் போகிறீர்கள்?” என்று அங்கே யாரும் கேட்பதில்லை.